கொடி நட்ட புல்வெளி

மணல்திட்டுக்குப் பின்னால் இருக்கும் கடற்புல்லைப் பற்றி என் கணவர் மகாமே அதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடல் உள்வாங்கித் தண்ணீர் வற்றும் நாட்களில் பெண்கள் போய்ச் சிப்பி பொறுக்கும் இடம் அது. அன்று மரவள்ளிக் கிழங்கைப் பிட்டுக்கொண்டே கேட்டார். நான் பூரித்துப்போனேன். எந்தப் பக்கம் புல் முழங்காலைத் தொடும், எங்கே வேர் அழுகி மணல் கறுத்திருக்கிறது, ஓரா மீனின் குஞ்சுகள் எந்தப் பள்ளத்தில் ஒளியும், எல்லாம் சொன்னேன். எனக்கு அது காதல் பேச்சுபோல இருந்தது.

அடுத்த வற்றத்தில் அங்கே சிவப்புக் கொடிகள் நின்றன. இனி யாரும் காலடி வைக்கக்கூடாதாம். நகரத்து மீன்துறைக்காரர்கள் ஆண்களைக் கூட்டி, காப்பாற்ற வேண்டிய நல்ல புல் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். மகாமே எழுந்து எங்கள் இடத்தைச் சொல்லியிருக்கிறார்.

"குஞ்சு எங்க தூங்குதுன்னுகூடச் சொன்னாராமே," என்றாள் பக்கத்து வீட்டு சுவேனா. "ஏன் ரிஸிக்கி, உன் வீட்டுக்காரரு எப்ப சிப்பி பொறுக்கப் போனாரு?"

சிலர் சிரித்தார்கள். பிறகு காலி வாளிகளோடு திரும்பினோம்.

வீட்டில் கேட்டேன். தான் மீன் பிடிக்கக் கூடு போடுகிற இடத்தை எந்த மடையனாவது கொடுப்பானா என்றார். நீங்கள் பொறுக்குவது வெறும் குழம்புக்குத்தானே என்றார். தென்காற்று மாதங்களில் வள்ளம் கரையிலேயே கிடக்கும்போது அந்தக் குழம்புதான் எங்களுக்குச் சாப்பாடே.

"நான் என்ன பொய்யா சொன்னேன்? நீ சொன்னதைத்தானே சொன்னேன்."

பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சில நாள் கழித்து மீன்துறையிலிருந்து ஓர் இளம்பெண் படகில் மணல்திட்டுக்கு வந்தாள். மகாமே பக்கத்தில் நிற்க, அவர் சொன்னதெல்லாம் சரியா என்று எங்களைக் கேட்டாள். இல்லை என்று சொல்லச் சொல்லி சுவேனா என் முழங்கையைக் கிள்ளினாள். இல்லை என்று சொன்னால் கொடியைப் பிடுங்கிவிடுவார்கள். கொடிக்கு அந்தப் பக்கம் புல் ஒரே திசையில் சாய்ந்து அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எப்படி இல்லை என்பது?

"அவ்வளவும் உண்மைதான்," என்றேன். மகாமே மூச்சு விட்டார்.

"ஆனா வாய்க்காலுக்கு அந்தாண்ட புல் இன்னும் அடர்த்தி. அங்கதான் இவரு கூடு போடுறாரு. கூட்டைக் கழுவுறவ நான். கட்டைவிரல் அளவு ஓராக் குஞ்சா செத்துக் கிடக்கும், பொறுக்கி எறிவேன்."

எந்த இடம் என்று அந்தப் பெண் கேட்டாள். மகாமே யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

எங்கள் இடத்துக் கொடிகள் அப்படியே நின்றன. அவள் படகில் இன்னும் கொடிக் கம்புகள் கிடந்தன. மகாமே விறுவிறுவென்று வீட்டை நோக்கி நடந்தார். நான் நடையை எட்டிப் போடவில்லை.