கொசுறுக்கு ஒரு கேக்

கேக்கின் மேல் எழுத வேண்டிய பெயரைக் கேட்டதும் பேக்கரி மாஸ்டரின் கையிலிருந்த க்ரீம் கோன் அந்தரத்தில் நின்றுவிட்டது.

“இன்னொரு தடவ சொல்லுங்கக்கா.”

“கொசுறு. ‘கொசுறுக்கு இனிய பிறந்தநாள்’னு எழுதணுமாம்.” கவுன்டர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நானும் ரெண்டு தடவ கேட்டுட்டேன், கொசுறேதானாம். கடையில எதையாவது வாங்கினா கடைசியில ஒண்ணு சும்மா சேர்த்துப் போடுவாங்களே, அந்தக் கொசுறு! ஆசையா கூப்பிட இந்தக் காலத்துப் பசங்களுக்கு வேற பேரே கிடைக்கல பாருங்க.”

“யாரு ஆர்டர் கொடுத்தது?”

“போன்லதான். ஆம்பளக் குரல், சின்ன வயசு. சாயந்தரம் தானே வந்து வாங்கிக்கறானாம். அந்தப் பேரைச் சொல்லும்போது குரல் அப்படியே குழையுது மாஸ்டர்!”

அக்கா சிரித்துக்கொண்டே கவுன்டருக்குப் போய்விட்டாள். மாஸ்டர் கோனைக் கீழே வைத்தார்.

அவருக்குத் தெரிந்து இந்த உலகத்தில் கொசுறு என்று ஒருத்திதான் இருக்கிறாள். அவருடைய மகள். மாதம் நிறையாமல் பிறந்தவள். நர்ஸ் கொண்டுவந்து காட்டியபோது அவருடைய ஒரு கைக்குள் அடங்கிவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மனைவி எதிரில் அழக்கூடாது என்று, “முழுசா ஒண்ணு கேட்டோம், கொசுறை மட்டும் கொடுத்து அனுப்பிட்டாங்க” என்று எதையோ உளறிச் சிரித்தார். அந்த உளறல் அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது. அந்தக் கொசுறுக்கு இன்றைக்குப் பதினாறு வயது முடிகிறது.

அந்தப் பெயர் வீட்டு வாசலைத் தாண்டியதே கிடையாது. ஒரே ஒரு முறை பள்ளிக்கூட வாசலில் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து அவள் ஆடிய ஆட்டம்! “இனிமே இந்தப் பேரை வெளியில சொன்னீங்கன்னா நான் உங்க பொண்ணே இல்ல.” அன்றிலிருந்து தெருவில் நடக்கும்போதுகூட மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டு அவளுடைய பள்ளிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

அப்படிப் பொத்திப் பொத்தி வைத்த பெயர் எவனோ ஒருவன் வாய்க்கு எப்படிப் போனது? அவள் சொல்லாமல் போயிருக்காது. அவள் ஏன் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் மாஸ்டருக்குத் தெரியும், அதுதான் வினை. கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், பஸ் நிறுத்தத்தில், தன்னை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அவருடைய மனைவி வெட்கப்பட்டுச் சொன்னாள். இனி இவள் நமக்குத்தான் என்று அவருக்கு உறுதிப்பட்டது அந்த நிமிஷத்தில்தான்.

மனைவிக்குப் போன் செய்தார்.

“கொசுறு எங்க?”

“ஸ்பெஷல் கிளாஸ். அப்படியே ஜெராக்ஸ் எடுத்துட்டு வரேன்னா. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“எப்பப் பார்த்தாலும் ஜெராக்ஸ், ஜெராக்ஸ். அப்படி என்னதான் எடுக்கறா? நீ ஏதாவது கவனிச்சியா?”

“சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். காலையில பழைய ஆல்பத்தைப் புரட்டினேன். உங்க கையில அவளை வெச்சுட்டு நிப்பீங்களே, அந்த போட்டோவைக் காணோம். கேட்டா, ‘இருக்கும்மா, பத்திரமா இருக்கு’ன்னு நழுவறா.”

“போட்டோ கொடுக்கற வரைக்கும் வந்தாச்சா?”

“யாருக்கு? என்ன பேசறீங்க? இங்க பாருங்க, நல்ல நாளும் அதுவுமா அவகிட்ட எதையாவது கேட்டு வெச்சீங்க, அப்புறம் அந்த வாய் நம்மகிட்டத் திறக்கவே திறக்காது. சொல்லிட்டேன்.”

போனை வைத்தார். அவருடைய மேஜையில் மகளுக்கான கேக் பாதி வேலையில் இருந்தது. வருஷா வருஷம் அவர் கையால்தான். ‘நான் என்ன குழந்தையா, சிம்பிளா போதும்ப்பா’ என்று இந்த வருஷம் அவள் சொன்னதால் வெள்ளைக் க்ரீம் பூசி, ஓரத்தில் மெல்லிய கொடி மட்டும் ஓட விட்டிருந்தார். நேற்றுவரை அந்தப் பேச்சில் மகள் வளர்ந்துவிட்டாள் என்ற பெருமை இருந்தது. இன்றைக்கு அதுவே வேறு மாதிரிக் கேட்டது. பெரிய கேக்கை எவனோ வாங்கித் தருகிறான் என்பதால்தான் வீட்டில் சிம்பிளா?

எவனோ ஒருவனின் கேக்கைச் சுழலும் தட்டில் ஏற்றினார். வேலையில் வஞ்சகம் செய்ய அவருக்கு வராது. சமமாக வெட்டி, பாகு தெளித்து, க்ரீம் வழித்துச் சரிசெய்தார். எழுத வேண்டிய இடம் வந்ததும் கை ஓடவில்லை. ‘கொ’வுக்கு முன்னும் பின்னும் கொம்பும் காலும் போட இடம் விட வேண்டும், அதற்காகவா யோசித்தார்? தன் உள்ளங்கையில் பிறந்த பெயரைத் தானே எழுதி இன்னொருவன் கையில் கொடுப்பதா?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கொசுறு என்று எழுதாமல் மகளின் பள்ளிப் பெயரை எழுதினார். திறந்து பார்க்கிறவன் இது யார் பெயர் என்று கேட்டால் பிழைத்தான். தெரிந்த மாதிரி முழித்தால் ஆள் அவன்தான். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

சாயந்தரம் வந்தவனைப் பார்த்ததும் மாஸ்டர் உள்ளேயிருந்து வெளியே வந்து கவுன்டர் அருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒல்லியான இளைஞன். விரல் நுனியெல்லாம் கறுப்பு மை. ஜெராக்ஸ் கடை! மாஸ்டருக்குக் காது சூடேறியது.

இளைஞன் பெட்டியைத் திறந்தான். முகம் மாறியது.

“சார்... இது தப்பான பேரு சார்.”

“அப்படியா? யாரு பேரு இது?”

“இது எங்க பாப்பாவோட அக்கா பேரு. உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

“பாப்பாவா?”

“எங்க கொசுறு சார். முதல் பொறந்தநாள்.” இளைஞன் பாதி சிரிப்பும் பாதிக் குழப்பமுமாகச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினான். பல் முளைக்காத வாயைத் திறந்து ஒரு குண்டுக் குழந்தை சிரித்தது.

மாஸ்டர் கட்டியிருந்த கையைத் தானாகவே அவிழ்த்தார்.

“மாசம் நிறையாம பொறந்துது சார். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தாங்க. என் வீட்டுக்காரி சாப்பிடறதில்ல, பேசறதில்ல. பேரு வெக்கக்கூடப் பயம். வெச்சுட்டா அப்புறம்...” அவன் அதை முடிக்கவில்லை. “அன்னிக்கு ஒரு பொண்ணு ஜெராக்ஸ் எடுக்க வந்துது. நான் பேப்பரைத் தலைகீழா வெச்சு வெச்சு எடுத்துட்டிருக்கேன். திட்டும்னு பார்த்தா, ‘என்னண்ணா ஆச்சு’ன்னு கேட்டுது. சொன்னேன். மறுநாள் ஒரு போட்டோவோட ஆஸ்பத்திரிக்கே வந்துடுச்சு சார். அப்பா கையில எலிக்குட்டி மாதிரி ஒரு குழந்தை. ‘இது நான்தான்க்கா. இப்ப பாருங்க, பஸ்ல ஒரு சீட்டு பத்தல எனக்கு’ன்னுச்சு. அன்னிக்குத்தான் சார் என் வீட்டுக்காரி சிரிச்சா. ‘எங்கப்பா என்னைக் கொசுறுன்னு கூப்பிடுவார். நீங்க பேரு வெக்கற வரைக்கும் இவளுக்கு என் பேரையே வெச்சுக்கோங்க’ன்னு சொல்லிட்டுப் போச்சு. போட்டோ இன்னும் எங்க வீட்டுச் சுவத்துலதான் இருக்கு. பாப்பாவோட பொறந்தநாள் போன வாரமே வந்துட்டுது சார். ஆனா பாப்பாவுக்கு அக்கான்னா அந்தப் பொண்ணுதான், அது பொறந்தநாள்லதான் கொண்டாடணும்னு என் வீட்டுக்காரிக்கு ஆசை. அக்காவுக்கே தெரியாது. இப்பதான் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கோம்.”

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கடைக் கதவு படாரென்று திறந்தது.

“அண்ணா! இந்தக் கடையிலயா ஆர்டர் பண்ணீங்க? உங்க வீட்டு அக்கா இப்பதான் சொன்னாங்க. இங்கதான் எங்கப்பா...” ஓடிவந்த மூச்சிரைப்போடு நின்றாள் மகள். கண் பெட்டிக்குள் போனது. பெயரைப் படித்தாள். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த உற்சாகமெல்லாம் வடிந்தது.

“என் பேரு எப்படிப்பா இதுல வந்துது?”

விஷயம் முழுசாகப் புரியாவிட்டாலும் கவுன்டர் அக்கா பெரிய மனசோடு குறுக்கே விழுந்தாள். “என் தப்பும்மா. போன்ல சரியா காதுல விழல...”

தப்பித்துக்கொள்ள வழி திறந்துதான் இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும், மகள் நம்பிவிடுவாள். மாஸ்டர் தலையாட்டவில்லை.

“இல்லக்கா, நான்தான் மாத்தி எழுதினேன். யாரோ ஒருத்தன் உன்னைக் கொசுறுன்னு கூப்பிடறான்னு தப்பா நினைச்சுட்டேன்மா. ஆளைப் பிடிக்கணும்னு அப்படிப் பண்ணினேன்.”

இளைஞன் பதறிப்போய் ஒரு அடி பின்வாங்கினான். “ஐயோ சார், நீங்கதான் அந்த அப்பாவா?”

மகள் அவனைக் கவனிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. ஆனால் குரல் உடையவில்லை.

“என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?”

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சொல்லியிருக்க மாட்டேன்தான். வெளியில சொல்லாதீங்கன்னு உங்களைப் படுத்தி வெச்சுட்டு, நானே போய்ச் சொல்லிட்டேன்ல. தெரிஞ்சா வருஷம் பூரா சொல்லிக் காட்டிச் சிரிப்பீங்க.” மூக்கை உறிஞ்சினாள். “அதுக்காக இப்படியா? எனக்குக் கோபம் இருக்குப்பா. நிறையவே இருக்கு.”

“இருக்கட்டும். திட்டு, கேட்டுக்கறேன்.”

“நாளைக்குத் திட்டறேன். இன்னிக்கு அந்தக் குழந்தைக்குப் பொறந்தநாள்.” சொல்லிவிட்டு இளைஞன் பக்கம் திரும்பினாள். “பயப்படாதீங்கண்ணா. எங்கப்பா பார்க்கத்தான் போலீஸ் மாதிரி இருப்பார். ஒரு நிமிஷத்துல சரியா எழுதிக் கொடுத்துடுவார்.”

மாஸ்டர் கேக்கை உள்ளே எடுத்துப்போனார். பதினாறு வயதில் கோபத்தை நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியுமா? ஐம்பதை நெருங்கும் தனக்கு அது மத்தியானம் ஒருமணி நேரத்துக்குக்கூட முடியவில்லையே. பெயரைத் தட்டைக் கத்தியால் வழித்தெடுத்து, மேல்பரப்பைச் சமன்செய்து, கொம்புக்கும் காலுக்கும் இடம் விட்டு நிதானமாகக் கொசுறு என்று எழுதினார். மூடப் போனபோது, பின்னாலேயே வந்து நின்றிருந்த மகள் அவருடைய மேஜையைப் பார்த்துவிட்டாள்.

“அந்தக் கொடி போட்டது எனக்கா?”

“உனக்குத்தான். சிம்பிளா கேட்டியே.”

“அழகா இருக்கு. அதையும் எடுத்துக்கோங்க, ரெண்டையும் பாப்பா வீட்டுலயே வெட்டலாம். அம்மாவுக்குப் போன் பண்ணி நேரா ஜெராக்ஸ் கடைக்கு வரச் சொல்லுங்க, வீடு அதுக்கு மேலதான்.”

“நானும் வரணுமா? அவங்க என்ன நினைப்பாங்களோ...”

“போட்டோவுல இருக்கற அப்பா எங்க எங்கன்னு பாப்பாவோட அம்மா ஒரு வருஷமா கேட்கறாங்க. ஏப்ரனைக் கழட்டிட்டு வாங்க முதல்ல. இந்த மாவு மூஞ்சியோட வந்தீங்கன்னா குழந்தை வீல்னு கத்தும்.”

மாஸ்டர் அவசர அவசரமாக முகம் கழுவப் போனார்.