படகின் நிழலில் ஆஸ்டர்

அக்டோபர் இரண்டு, வியாழன். காலை எட்டே முக்காலுக்கு வாசல் பாத்தியின் முன் குந்தி ஆஸ்டர் செடிகளின் மொட்டுகளை மூன்றாம் முறையாக எண்ணினேன். நாற்பத்தாறு. நேற்று மாலை தோட்டக்கலை வகுப்புக்குக் கிளம்பும்போது அவற்றில் நான்கு விரிந்து, மஞ்சள் நடுவைச் சுற்றி ஊதா இதழ்களோடு நின்றன. இரவுக் குளிரில் நான்கும் இதழ்களைச் சுருட்டிக்கொண்டு மறுபடி மொட்டுபோல ஆகியிருந்தன. உயரமாக வளர்ந்துவிட்ட இந்தப் பாத்தியைப் பார்க்க ஒன்பது மணிக்கு நகராட்சியிலிருந்து ஆள் வருகிறார். பூச்செடி என்றால் விட்டுவிடுவார்கள். களை என்றால் இன்றே வெட்ட வேண்டும்.

தவறு என்னுடையது. எங்கள் விஸ்கான்சினில் ஆஸ்டரின் நுனி வெட்டுபவர்கள் ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின வாணவேடிக்கைக்கு முன்பே கத்தரியைக் கீழே வைத்துவிடுவார்கள். வகுப்பில் அதை எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டவள் நான். ஆனால் எந்த உயரத்தில் வெட்டுவது என்று சந்தேகம். வாராவாரம் அளந்தேன், குறித்தேன், யோசித்தேன். வெட்டியது ஜூலை இருபத்தொன்று; அதனால் பூப்பதும் தள்ளிப்போனது. ஊரில் மற்ற பூவெல்லாம் முடிந்துவிட்டது. தெற்கே கிளம்பும் பட்டாம்பூச்சிக்கும், மண்ணுக்குள் தூங்கப்போகும் ராணித் தேனீக்கும் கடைசித் தேன் இதில்தான்.

பக்கத்து வீட்டு நார்பர்ட் காபிக் கோப்பையோடு வேலியோரம் வந்தார். "தீவனம் நல்லா வளந்திருக்கே கெர்டா. மாடு எப்ப வாங்கப்போற?" கோடை முழுக்க இதே கேலி.

"ஒம்பது மணிக்கு வர்றாங்க, நார்ப். பூ மூடிக் கெடக்கு. வெயில் பட்டாத்தான் விரியும்."

"வெயில்தான் அடிக்குதே."

"உங்க படகு மேல அடிக்குது."

அவர் திரும்பிப் பார்த்தார். குளிர்காலத்துக்கென்று வெள்ளை உறை சுற்றி, நேற்றுதான் கொண்டுவந்து நிறுத்திய படகு. அதன் நிழல் என் பாத்தியை மொத்தமாக மூடியிருந்தது.

"அதை அங்க நேரா நிறுத்த எனக்கு அரை மணி நேரமாச்சு, தெரியுமா?" என்றார். கோப்பையை என் கையில் கொடுத்தார். "ஆறிப்போச்சுன்னா நீதான் சூடு பண்ணித் தரணும்."

அவர் டிரக்கைப் பின்னால் எடுத்துப் படகு வண்டியோடு கோக்க முயன்றார். இரண்டு முறை தவறியது. அதற்குள் நகராட்சிக் கார் வந்து நின்றது. பச்சை மேலங்கி அணிந்த பெண் ஒருவர் அளவு டேப்போடு இறங்கினார்.

"இதானா? நாலடி தேறும்போல."

"ஆஸ்டர், மேடம். நாட்டுப் பூ."

"பூவைக் காணோமே."

"பத்து நிமிஷம் குடுங்க."

"எல்லாரும் பத்து நிமிஷம்தாம்மா கேக்கறாங்க," என்று டேப்பை இழுத்தார்.

வண்டி குலுங்கி நகரும் சத்தம். படகின் நிழல் புல்வெளியில் மெல்ல விலகியது. தண்டுகளில் பனித்துளிகள் மின்னின. முனையிலிருந்த பூவில் ஒரு இதழ் நிமிர்ந்தது, பிறகு மூன்று, பிறகு எத்தனை என்று எண்ண மறந்துபோனேன். மயிரடர்ந்த பெரிய தேனீ ஒன்று எங்கிருந்தோ வந்து, பாதி திறந்த பூவை முன்கால்களால் விலக்கித் தலையை உள்ளே நுழைத்தது. அதன் கனத்தில் தண்டு வளைந்து டேப்பின் மேல் சாய்ந்தது. அந்தப் பெண் குனிந்தபடியே டேப்பை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.