நூற்றுக்கு இருபத்தொன்பது

கேட்டை உதைக்காத குறையாகத் திறந்துகொண்டு வந்தாள் கவோனே. பிரிட்டோரியாவிலிருந்து சோஷங்குவேயில் இருக்கும் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. அப்பாவின் காருக்கு இன்சூரன்ஸ் எடுத்தவள் அவள்தான். எப்படி ஓட்டுகிறார் என்று அவர் சட்டைப்பையில் இருக்கும் போனே கம்பெனிக்குக் கோள் சொல்லிவிடுகிற வகை அது. ஒழுங்காக ஓட்டினால் நூற்றுக்கு நூறு. அப்பாவுக்கு இந்த மாதம் இருபத்தொன்பது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சர்ச்சில் பாடல் குழுவை நடத்துகிற பெரிய மனிதர், பள்ளிக்கூடத்துக்கு எதிரே தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் பறந்திருக்கிறார்! எந்தப் பிள்ளை மேலாவது ஏற்றிவிட்டால்? நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயமே ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

அப்பா மொடிசே ரன்டாவோ சமையலறையில் சோள மாவைக் களியாகக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"சாவியக் குடுங்கப்பா."

"எதுக்கு?"

"எதுக்கா? சடன் பிரேக்கு, வளைவுல வெட்டு, ஸ்கூல் முன்னால தொண்ணூறு! எல்லாம் கம்பெனி அனுப்பின கணக்குல இருக்கு. யாரைக் கொல்லலாம்னு பாக்குறீங்க?"

"நான் சொல்றதக் கொஞ்சம் கேளு, கவோனே."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்! ஸ்கூல்ல பசங்க இப்படிக் கதை விட்டப்போ நீங்க சும்மா விட்டீங்களா? குடுங்க!"

கிழவர் அடுப்பை அணைத்தார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டாள் அந்தப் புத்திசாலி மகள்.

வாசலில் ஹாரன் அலறியது. ஆட்களை அடைத்துக்கொண்டு ஒரு டாக்ஸி வேன் நின்றது. ஓட்டுநர் பாதி உடம்பை வெளியே நீட்டினான்.

"வாத்தியாரே! பாட்டு பிராக்டிஸ் இல்லையா இன்னிக்கு? முன் சீட்டு உங்களுக்குத்தான். இன்னிக்கு மெதுவாப் போறேன், சத்தியமா!"

"நேத்தும் இதேதான் சொன்ன!" என்று உள்ளிருந்து ஒரு பெண் கத்தினாள். வேனே சிரித்தது.

கவோனேவுக்கு அப்போதுதான் உறைத்தது. போனுக்கு என்ன தெரியும்? அப்பா ஏறிய வண்டியை எல்லாம் அப்பாவே ஓட்டுவதாக எண்ணி, இந்தப் படுபாவியின் ஆட்டத்தை அவர் கணக்கில் எழுதியிருக்கிறது.

"டாக்ஸியிலயா போறீங்க?"

"போன மாசத்திலேருந்து." அகப்பையைத் தொட்டியில் வீசி எறிந்தார். அது தெறித்துத் தரையில் விழுந்தது. "கடை முனையில ஒரு புள்ள குறுக்க வந்துச்சு. எனக்குத் தெரியல. அதோட அம்மா போட்ட கூச்சல்லதான் நிறுத்தினேன். கண்ணு போச்சுன்னு அன்னிக்கே காரை உள்ள விட்டுப் பூட்டினேன். ஓட்டாதேன்னு ஒருத்தரும் சொல்லல. நானே முடிவு பண்ணினேன்."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"இப்ப சொல்ல வந்தேனே, விட்டியா? கராஜுல எட்டிப் பாத்தியா? கார் மேல தூசி அப்பிக் கிடக்கு. அதப் பாக்கல. எங்கிட்ட கேக்கல. போன் கிட்ட கேட்டுட்டு வந்து என்னைக் கொலைகாரன்ற!"

அவளுக்கு முகம் எரிந்தது. வாய் குழறியது. "தப்புதாம்ப்பா. இந்தாங்க, பிடிங்க" என்று சாவியை நீட்டினாள்.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம். நானா விட்டேன்னு இத்தனை நாள் தலைய நிமித்தி நடந்தேன். இனிமே மக வந்து புடுங்கிட்டுப் போனான்னுதான் பேச்சு. நீயே வெச்சுக்கோ."