கரையும் வரை

புது வேட்டியின் கரையைக் கிழித்து மகனின் தாடையைக் கட்டிக்கொண்டிருந்தார் பால்சாமி. முடிச்சு நழுவியது. மகள் பரிபூரணம் குனிந்து முனையைப் பிடித்துக்கொடுத்தாள். போஸ்ட்மார்ட்டம் முடிந்து தம்பியை மம்சாபுரத்துக்குக் கொண்டுவரவே மதியம் தாண்டிவிட்டது.

"ரொம்ப இறுக்காதீங்கப்பா."

"வாய் தெறந்து கெடக்கக் கூடாதுட்டி."

அந்த வாயைத் திறந்து காட்டத்தான் தினமும் காலையில் சிவபாண்டியை ஸ்ரீவில்லிபுத்தூர் போதை சிகிச்சை மையத்துக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தாள். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிப் பழகியவனுக்கு அங்கே, ஊசி ஏக்கத்தை அடக்க நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைப்பார்கள். கரையும் வரை பேசக் கூடாது. பிறகு நர்ஸ் அனுசியா, "ஆ காட்டுங்க" என்பாள். சின்னப்பிள்ளை மாதிரி அகலமாகக் காட்டுவான். சோறு இறங்கியது. ராஜபாளையத்தில் மில் வேலைக்கும் போனான்.

பால்சாமிக்குத்தான் பொறுக்கவில்லை. "மாத்திரைக்கு மாத்திரையே வைத்தியமாக்கும்?" என்றார். பரணில் கிடந்த பழைய ஊசியையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு அவரே ஸ்டேஷனுக்குப் போனார். "கொஞ்ச நாள் உள்ள வைங்கய்யா, திருந்திருவான்."

பரிபூரணம் மையத்துச் சீட்டோடு ஜெயில் வாசலில் நின்றாள். இதுவும் போதை மாத்திரைதானே என்று திருப்பி அனுப்பினார்கள். அனுசியா அப்போதே சொன்னாள்: "நடுவுல நின்னுட்டா ஒடம்புக்குப் பழக்கம் விட்டுரும்க்கா. பொறவு பழைய அளவு ஊசி போட்டா தாங்காது. வெளிய வந்த அன்னிக்கே கூட்டிட்டு வந்துருங்க."

நேற்று ஜாமீனில் வந்தான். அவள் வேலை முடிந்து வருவதற்குள் வெளியே போய்விட்டான்.

ஊசி போட்டபோது கூட இருந்த கூட்டாளி பாண்டிச்செல்வம் காலையில் பிணவறைச் சுவரோரம் நின்று அழுதான். "மூச்சு கொறட்டையா வந்துச்சுக்கா. ஆம்புலன்ஸுக்குப் போன் எடுத்தேன். போலீஸும் வரும்ல. அவன அங்கயே போட்டுட்டு ஓடிட்டேன்."

கோடி போட வந்த தாய்மாமன் ராஜரத்தினம் பால்சாமியின் தோளைப் பிடித்தார். "நீரு செய்ய வேண்டியதச் செஞ்சீரு மச்சான். உள்ள இருந்தப்பதான் பய சுத்தமா இருந்தான்."

"ஆமா. முகம் தெளிஞ்சுல்லா வந்தான்." பால்சாமி மகளைப் பார்த்தார். "பொறவு எப்படிட்டி? எப்பவும் போடுத அளவுதாம்னு அந்தப் பாண்டிச்செல்வம் பய சொல்லுதான். அப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே?"

அனுசியா சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. அவர் விரலில் வேட்டி நூல் ஒன்று சுற்றிக் கிடந்தது.

"தெரியலப்பா."

அவர் தலையாட்டினார். இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். பரிபூரணத்தின் முறை வந்தது. சேர்த்துக் கட்டியிருந்த உதட்டின் மேல் அரிசியை வைத்தாள். விரலை எடுக்கவில்லை.

"போட்டுட்டு நகரு தாயி. வண்டி நிக்கி," என்றார் மாமா.

கரையும் வரை பேசக் கூடாது.

"ஏம்மா பரிபூரணம்."

அரிசியின் மேல் விரலை வைத்தபடி அப்படியே நின்றாள்.