படகிலிருந்து வந்த பெயர்

துக்கத்துக்காக அடுப்புக் கரியைக் கரடிக் கொழுப்பில் குழைத்து அஸ்காமு கன்னத்தில் பூசிக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் கேட்டது. கடல் பக்கமிருந்து யாரோ அவள் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அப்பாவைக் காலையில்தான் புதைத்திருந்தார்கள். முழங்காலை மடக்கி, பாயில் சுற்றி, அவர் சாப்பிட்ட மரக்கிண்ணத்தையும் கூடவே வைத்து மூடியாயிற்று. இனி அவர் பெயரை ஊரில் ஒருவரும் வாய்தவறிக்கூடச் சொல்லக்கூடாது. இந்தக் கதையிலும் அது வராது. அதே பெயர் கொண்ட பக்கத்து வீட்டுக்காரருக்குப் புதுப் பெயர் வைத்தாகிவிட்டது. மனிதர் அதற்கு இன்னும் திரும்பிப் பார்ப்பதில்லை. மனைவி சிறு கல்லை எறிந்துதான் கூப்பிடுகிறாள்.

சித்தப்பா யோதாஷ் குனிந்து உள்ளே வந்தார்.

"கேட்டுச்சா? கடல் தாண்டி வந்த அந்தத் தாடிக்காரனுங்கதான். கப்பல் இன்னைக்குக் கெளம்புதாம்."

"அவங்களுக்குத் தெரியாதே, சித்தப்பா."

"அதை நம்ம பசங்ககிட்டப் போய்ச் சொல்லு. வில்லை எடுத்துக்கிட்டு மரத்துக்குப் பின்னாடி நிக்கிறானுங்க. நீதானே அவனுங்களுக்குச் சோளம் கொண்டுபோய்க் குடுத்தவ? போய் வாயை மூடச் சொல்லு. நீ சொன்னதுக்கப்புறமும் கத்தினா, இவனுங்களை என்னால பிடிச்சு வைக்க முடியாது."

அவள் இறங்கிப் போனாள். பாறைகளுக்கு அப்பால் சிறு படகு ஆடிக்கொண்டிருந்தது. அதில் சுருட்டை முடிக்காரன் நின்றான், கையில் மணிச்சரம். வந்த அன்று இந்தப் பாறைகளுக்கு நடுவே வழிகாட்டி அவர்களை உள்ளே கொண்டுவந்தவர் அப்பாதான். வெளியே கொண்டுபோகவும் அவரையே தேடி வந்திருக்கிறார்கள்.

இதே கரையில் உட்கார்ந்து அப்பா அவனுக்குத் தன் பெயரைச் சொல்லிக் கொடுத்தார். அவன் ஒவ்வொரு முறையும் அதைக் கடித்துத் துப்பினான். "அப்படி இல்லடா, மடையா!" என்று அப்பா இருமும்வரை சிரித்தார். நெஞ்சில் சளி கட்டிப் படுத்த பிறகும், "அந்த மடையனுக்கு இப்பவாவது வந்துச்சாடி?" என்று கேட்டார்.

இப்போது வந்திருந்தது. அப்பா இழுத்துச் சொல்வதுபோலவே அச்சாகச் சொன்னான்.

அவளைக் கண்டதும் மணிகளை ஆட்டிச் சிரித்தான். அவள் வாயைப் பொத்திக் காட்டினால் போதும். கை நெஞ்சுவரை உயர்ந்து நின்றுவிட்டது. பின்னால் மரங்களுக்குள் சுள்ளி ஒடியும் சத்தம் கேட்டது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னும் ஒரே ஒருமுறை கேட்கவேண்டும். இவனும் போய்விட்டால் அப்புறம் யார் சொல்லப்போகிறார்கள்?

அவன் இன்னொரு முறை கூப்பிட்டான்.

அதன்பிறகு அவள் உள்ளங்கையால் வாயை இறுகப் பொத்தினாள். மறுகையால் மண்ணைக் காட்டினாள். அவன் அவளுடைய கறுத்த முகத்தையே பார்த்தான். மணிச்சரம் தாழ்ந்தது. படகைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

சித்தப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"நீ போனப்புறமும் ஒரு தடவ கேட்டுச்சு."

"அது நான் சொல்றதுக்கு முன்னாடி, சித்தப்பா."

அவர் கடலைப் பார்த்தார்.

"நல்லாத்தான் கத்துக்குடுத்திருக்காரு" என்றார். பிறகு, "வாய்கிட்ட கரி அழிஞ்சிருக்கு. பூசிக்க" என்றார்.

கிண்ணத்தில் கரி காய்ந்திருந்தது. கொஞ்சம் கொழுப்பு விட்டுக் குழைத்தாள்.