நாலு விரற்கடை

லாண்டரிக்காரரின் வேன் மதில்சுவர் உயரத்துக்கு எழும்பி நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு. அன்றைக்கு வெங்காயம் கிலோ முப்பத்திரண்டு, வெயில் சுமார். காற்று துளியும் இல்லை. ஆகவே காற்றுதான் தூக்கிவிட்டது என்று பிற்பாடு சிலர் கிளப்பிவிட்டதில் உண்மை கிடையாது. தூக்கியது ஸ்பிரிங்.

லாட்ஜ் வாசலில் ஒரு சிமெண்ட் மேடு. நாற்பது அறை லாட்ஜ். அதன் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுப்பதுதான் லாண்டரிக்காரருக்கும் அவர் மனைவிக்கும் பிழைப்பு. வேனின் அடிவயிறு அந்த மேட்டில் தினம் உரசி, சைலன்சர் இரண்டு தடவை கழன்று விழுந்தபின், வண்டியை உயர்த்திவிடுவது என்று முடிவாயிற்று. எவ்வளவு என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. மெக்கானிக் மூன்று வழி சொன்னார். இரண்டு இன்ச் என்றால் ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு கட்டை வைத்தால் தீர்ந்தது; நாலு என்றால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் புதிது; ஆறு என்றால் அடியில் பாதியை மாற்ற வேண்டும், வளைவில் வண்டி ஆட்டம் போடும். லாண்டரிக்காரர் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. லாரிக்காரர்கள் தன்னைக் குனிந்து பார்ப்பது அவருக்குப் பல வருட உறுத்தல். ஆறு என்றார்.

"மூட்டைய தூக்கி ஏத்தறது நீங்களா, நானா?" என்று கேட்டாள் மனைவி. வண்டி ஓட்டுவது அவர், மூட்டை ஏற்றுவது அவள் என்பது கல்யாணமான புதிதில் எப்படியோ படிந்துவிட்ட ஏற்பாடு. "ரெண்டு இன்ச் போதும். ஆறுன்னா நான் ஏணி போட்டுத்தான் ஏறணும்."

"ஏணி வாங்கித் தர்றேன்."

அதோடு அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அவர் நாலுக்கு இறங்கி வந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை, மெக்கானிக்கிடம் கூட வரவும் இல்லை.

வராததுதான் வினையாயிற்று. அந்த மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம்: தினப்படி எந்தச் சுமையோடு ஓடுமோ அந்தச் சுமையை ஏற்றிவைத்துத்தான் ஸ்பிரிங்கை அளப்பார். மூட்டைகள் மூட்டைகளின் இடத்தில், ஆட்கள் ஆட்களின் இடத்தில். வராதவருக்குப் பதில் சீட்டில் மணல்.

"வீட்டம்மா எத்தனை கிலோண்ணே?"

"எண்பது," என்றார் லாண்டரிக்காரர். மூன்று நாள் பேசாதிருந்தவள் மேலிருந்த கடுப்பு அதில் இருபத்திரண்டு கிலோ.

"மனசாரத்தான் சொல்றீங்களா?"

"நான் கட்டிக்கிட்டவ, எனக்குத் தெரியாதா?"

மெக்கானிக் எண்பது கிலோ மணலை வைத்து, மூட்டைக்கும் ஆளுக்கும் கணக்கிட்டு, ஸ்பிரிங்கை முறுக்கினார். வேலை முடிந்து மணலை இறக்கியதும் வேன் நிதானமாக, லிஃப்ட் போல, மேலே போயிற்று. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். மறுபடி மணலை ஏற்றிப் பார்த்தார்கள். நூறு கிலோ ஏற்றியும் அசையவில்லை. ஒரு தடவை மணலை அம்மா என்று சொல்லி ஏமாற்றியாகிவிட்டது, இன்னொரு தடவை ஸ்பிரிங் ஏமாறாது என்றார் மெக்கானிக். கழற்றி மாட்டலாம் என்றால் அதற்கும் வண்டி கீழே நிற்க வேண்டும். லாண்டரிக்காரர் பம்பரில் கயிறு கட்டி, கன்றுக்குட்டியை இழுப்பதுபோல் வேனைத் தெருவழியே இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். எதிர்வீட்டுக்காரர், மாடியில் காயப்போட்ட துணிக்கு வெயில் மறைக்கிறது, கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள் என்றார். தள்ளிக் கட்டினார்.

மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள் விரிப்புகள் வராவிட்டால் வேறு லாண்டரியைப் பார்த்துக்கொள்கிறோம் என்று லாட்ஜிலிருந்து போன் வந்தது. காலையில் லாண்டரிக்காரர் மனைவியின் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நீ வந்து உக்காந்தாத்தான் வண்டி இறங்கும்."

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அந்தாளு கிட்ட என்னை எத்தனை கிலோன்னு சொன்னீங்க?"

"எண்பது."

"நான் எத்தனை?"

"ஐம்பத்தெட்டு."

உண்மையைச் சொன்னதால் வண்டி இறங்கிவிடவில்லை. ஸ்பிரிங்குக்கு அவள் எடைதான் தெரியும். அவள் வெளியே வந்து வேனை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏணி வாங்கித் தர்றேன்னீங்களே, எங்க?"

பத்து நிமிடத்தில் ஏணி வந்தது. அவர் பிடித்துக்கொள்ள, அவள் ஏறி சீட்டில் அமர்ந்தாள். வேன் இறங்கியது. அவள் எழுந்தால் வண்டி மேலே போய்விடும் என்பதால் பதினெட்டு மூட்டையையும் அவரே ஏற்ற வேண்டியதாயிற்று. அவள் ஜன்னல் வழியே, "முதுகை வளைக்காதீங்க, காலை மடக்கித் தூக்குங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஏற்றியபின்னும் சக்கரம் தரையைத் தொடவில்லை. மிகைப்படுத்திய இருபத்திரண்டு கிலோவுக்கு நாலு விரற்கடை இடைவெளி மிச்சம் இருந்தது. அப்படியே ஓட்டினார், ஓடியது. சக்கரம் தரையைத் தொடாமல் வண்டி எப்படி நகரும் என்று கேட்ட இயற்பியல் வாத்தியாரை ஒருநாள் பஸ் ஸ்டாண்டு வரை ஏற்றிச் சென்றார்கள். இறங்கும்போது, குலுங்கவே இல்லை என்று மட்டும் சொன்னார்.

மேடு உரசவில்லை, குழி தெரியவில்லை, இஸ்திரி கலையவில்லை. மாற்றலாம் என்று இருந்தது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போய், மூன்று வருடம் ஓடிவிட்டது. டயர் தேயவே இல்லை. தினமும் கிளம்பும் முன் அவர் குந்தி உட்கார்ந்து டயருக்கும் தரைக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்ப்பார். எப்போதும் நாலு.

நாலாவது வருடம் ஒரு காலை ஐந்து விரல் நுழைந்தது. மூட்டைகளை எண்ணினார், பதினெட்டு. அடுத்த வாரம் ஆறு. அவர் வண்டியை எடுத்து வேறு பக்கம் திருப்பினார்.

"லாட்ஜ் அந்தப் பக்கம்," என்றாள் மனைவி.

"தெரியும்."

"எங்க போறோம்?"

"ஆஸ்பத்திரிக்கு. ரெண்டு விரல் குறைஞ்சிட்ட."

"மூஞ்சியப் பார்த்துக் கண்டுபிடிக்க மாட்டீங்க, டயரப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பீங்க," என்றாள். ஆனால் வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு என்றார். இவ்வளவு சீக்கிரம் யாரும் வருவதில்லை, எப்படித் தெரிந்தது என்று கேட்டார். லாண்டரிக்காரர் கையை நீட்டி ஆறு விரலைக் காட்ட முயன்று, ஒரு கை போதாமல் இரண்டாவது கையையும் நீட்டினார். டாக்டர் அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

மாத்திரையோடு எட்டு மாதம் போயிற்று. ஆறு ஐந்தாகி, ஐந்து நாலாயிற்று. அந்த வாரம் வழியில் பார்த்த மெக்கானிக், அம்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு மணி நேரத்தில் சரிசெய்து இறக்கிவிடலாம், கூலிகூட வேண்டாம் என்றார். லாண்டரிக்காரர் வேண்டாம் என்றார். ஏணியில் மட்டும் இரண்டாவது படி விரிசல் விட்டிருந்ததால் புதுசு வாங்கினார்கள்.

இப்போதும் காலையில் மூட்டைகளை ஏற்றி முடித்து அவர் டயருக்கு அருகே குந்துவார். மேலே ஜன்னலிலிருந்து குரல் வரும்.

"எத்தனை?"

"நாலு."

"சரி, எடுங்க."