ஹாரன் வாயடைச்ச கதை

டிப்போவுல எனக்கு வெச்ச பேரு ஹாரன். காலம் பூரா பஸ் ஓட்டினவன். நான் வாயத் தொறந்தா வண்டிக்குத் தனியா ஹாரனே வேண்டாம்னு கண்டக்டருங்க கிண்டல் பண்ணுவாங்க. பொய் இல்ல. நான் போன்ல யாரையாவது "சௌக்கியமா?"ன்னு கேட்டா, மாடி வீட்டுக்காரர் "சௌக்கியம்"னு பதில் சொல்லுவார்.

நான் ரிட்டயர் ஆனப்போ என் வீட்டுக்காரிக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருந்துச்சு. வீட்டுச் சாமான் விக்கிற கம்பெனியில போன்ல குறை கேக்கிற வேலை. ஃப்ரிட்ஜ் குளிரல, மிக்சி சுத்தலன்னு கண்டவனும் கத்துவான். இவ "மன்னிக்கணும் சார்"னு சொல்லிக்கிட்டே இருப்பா. ரெண்டு பஸ் மாறி, மாடி ஏறிப் போற ஆபீஸ். முட்டி வலி வேற. சாயங்காலம் வந்து செருப்பக் கழட்டுறப்பவே, "அம்பத்தெட்டு முடியட்டும், ஒரு நாள் கூட இருக்க மாட்டேன், எழுதிக் குடுத்துட்டு வந்துடுறேன்"ம்பா.

எங்களுக்கு ஒரு ஆசை. பெரிசா ஒண்ணும் இல்ல. "ஓட்டுநரிடம் பேசாதீர்கள்"னு என் தலைக்கு மேல போர்டு மாட்டி, வேலை நேரம் முழுக்க என் வாயக் கட்டிப் போட்டுட்டாங்க. ஜன்னலோரம் உக்காந்து எதையும் வேடிக்கை பாத்ததும் இல்ல. அதனால அவளும் நானும் ஏதோ ஒரு பஸ்ஸுல ஏறணும், கடைசி ஸ்டாப் வரைக்கும் பேசிக்கிட்டே போகணும், அங்க ஒரு டீ குடிச்சுட்டு பேசிக்கிட்டே திரும்பணும். அவ்வளவுதான்.

அப்பப் பாத்து கம்பெனிக்காரன் வீட்டுல இருந்தே வேலை பாருங்கன்னுட்டான். கம்ப்யூட்டரும் காதுல மாட்டுறதும் வீட்டுக்கே வந்துச்சு. மேஜைய ஜன்னல் பக்கம் தூக்கிப் போட்டதே நான்தான். பஸ் இல்ல, மாடி இல்ல, முட்டி வலி பாதியாச்சு. அம்பத்தெட்டும் வந்துச்சு, போச்சு. விருப்பப்பட்டா அறுபத்திரெண்டு வரைக்கும் இருக்கலாமாம்.

"வீட்டுலதானேங்க இருக்கேன், உங்க கண்ணு முன்னாடிதானே இருக்கேன்? இதுக்கு எதுக்கு ரிட்டயர்மென்ட்? இந்த ஒரு வருஷம்தான்."

வருஷா வருஷம் இதே பேச்சு. அதுல தப்பும் கண்டுபிடிக்க முடியல, அதான் எனக்கு எரிச்சல். ஆபீசுக்குப் போறவளா இருந்தா "போதும், வீட்டுக்கு வா"ன்னு கூப்பிடலாம். வீட்டுலயே இருக்கிறவள எங்கேருந்து எங்க கூப்பிடுறது?

ஒரு நாள் சமையல்கட்டுல இருந்து "டீ போடட்டா?"ன்னு கேட்டுத் தொலைச்சேன். போன்ல இருந்த வாஷிங் மெஷின்காரன் "யாரும்மா அது, என்னையே அதட்டுறது?"ன்னு சண்டைக்கு வந்துட்டான். விஷயம் மேனேஜர் வரைக்கும் போச்சு. அன்னைக்கு அவ அழுதா. அதோட என் வாய்க்குப் பூட்டு. எல்லாமே கை ஜாடைதான். கைய வாய்ப்பக்கம் சாச்சா டீ. வயித்தத் தட்டினா சாப்பாடு. விசிறினா ஃபேன் போடணும். உதட்டுல விரல் வெச்சா, மூச்! டிவியக்கூட சத்தத்த அணைச்சுட்டுத்தான் பாத்தேன். ஊர்க்குறைக்கெல்லாம் காது குடுத்தவளுக்கு என் குறையக் கேக்க மட்டும் தெம்பில்ல. சாயங்காலம், "தொண்டை வத்திப்போச்சுங்க, நாளைக்குப் பேசலாமே"ம்பா. அவளையும் சொல்லிக் குத்தமில்ல. ஆனா மனசு ஆறலையே. பக்கத்துலயே வெச்சுக்கிட்டு அவளத் தொலைச்சுட்டேன்.

போன மாசம் அறுபத்திரெண்டு முடிஞ்சு கம்பெனியே அனுப்பி வெச்சுது. ஸ்கிரீன்ல கட்டம் கட்டமா ஆளுங்க கை தட்டினாங்க. மறுநாளே அவளக் கிளப்பிக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

ஜன்னலோரம் அவ, பக்கத்துல நான். சொல்றதுக்கு எவ்வளவு சேத்து வெச்சிருந்தேன்! வண்டி கிளம்பி ஆத்துப் பாலம் ஏறுச்சு. அவ என் கையத் தட்டி வெளியே காட்டினா. கொக்குக் கூட்டம். தலையாட்டினேன். விசிறிக் காட்டினா, கண்ணாடிய நல்லாத் தள்ளி விட்டேன். கைய வாய்ப்பக்கம் சாச்சா. கடைசி ஸ்டாப்புலன்னு தூரமாக் கை காட்டினேன். பாதி வழி வந்தாச்சு. எனக்கு ஒண்ணும் வித்தியாசமாவே படல.

பின் சீட்டுல ஒரு அம்மா தன் மககிட்ட சொன்னாங்க. மெதுவாக்கூடச் சொல்லல, எங்களுக்குக் கேக்காதுன்னே நெனச்சுட்டாங்க.

"பாவம், ரெண்டு பேருக்குமே வாய் பேச வராது போல. ஆனாலும் எவ்வளவு அன்னியோன்யமா இருக்காங்க பாரு."

சுருக்குனு தெச்சுது. யாருக்கு? எனக்கா? டிப்போவையே அதிர வெச்ச ஹாரனுக்கா? விருட்டுனு திரும்பினேன். நெஞ்சு முட்ட மூச்ச இழுத்து வாயத் தொறந்தேன்.

அவ சட்டுனு உதட்டுல விரல் வெச்சா.

நானும் கப்சிப்புனு வாய மூடிக்கிட்டேன்.

அப்புறம்தான், இங்க போனும் இல்ல, மேனேஜரும் இல்லன்னு ரெண்டு பேருக்கும் உறைச்சுது. அவ கண்ணு நிறைஞ்சு வழியுது. விரல் இன்னும் உதட்டுலதான் இருந்துச்சு. கடைசி ஸ்டாப் வந்து, எல்லாரும் எறங்கிப் போயிட்டாங்க.